ஊசிக்குழலில் வரும் கறுப்பு எண்ணெய்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

தம்பி, மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு 64 வயது. மார்பகப் புற்றுநோய் இடுப்பு எலும்பு வரை போய்விட்டது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கீமோவுக்கு அழைத்துப் போகிறீர்கள். கீமோ முடிந்த மூன்று நாளும் வாந்தி, கஞ்சி கூட இறங்குவதில்லை, இரவில் இடுப்பு வலி. இருதய வால்வு மாற்றியதிலிருந்து இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், இரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போய்வரும் உங்கள் மச்சான், ஊசிக்குழலில் அடைத்த கறுப்பு கஞ்சா எண்ணெய் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். அரை அரிசி அளவில் ஆரம்பித்து 90 நாளில் 60 கிராம் சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடுமாம். அது என்ன எண்ணெய், வேலை செய்யுமா, பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஷாப்பி இணையக் கடையில் கிடைக்கும் ஹெம்ப் எண்ணெய் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். நான் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் மருந்தின் அளவு என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம், அது இந்தப் பதிலில் தெரியும்.

கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். கஞ்சா என்ற பேரைக் கேட்டதும் முகம் சுளித்துச் சொல்கிற 'வேண்டாம்' இல்லை இது. அந்தச் செடியில் மருந்து இருக்கிறது, அதில் சந்தேகமே கிடையாது. காரணம் வேறு.

முதலில் அந்த எண்ணெய் என்ன என்று பார்ப்போம். கஞ்சாப் பூவில் பிசின் மாதிரி ஒரு சத்து ஒட்டியிருக்கும். பூவைச் சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் தார் போலக் கெட்டியான கறுப்பு எண்ணெய் மிஞ்சும். போதை தருகிற டி.எச்.சி., போதை தராத சி.பி.டி., இந்த இரண்டின் இனத்தைச் சேர்ந்த, சிறு அளவில் இருக்கும் இன்னும் பல கன்னாபினாய்டுகள், வாசனை தரும் டெர்பீன்கள் எல்லாம் ஒன்றாக அதில் வந்துவிடும். ஒரே சத்தைப் பிரித்தெடுக்காமல் செடியில் இருப்பதை மொத்தமாக எடுப்பதால்தான் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று பெயர் வைத்தார்கள். ஃபுல் ஸ்பெக்ட்ரம் எண்ணெய் எல்லாமே கெட்டியானது இல்லை. தேங்காயெண்ணெயில் நீர்க்கக் கலந்து சொட்டு மருந்தாகவும் விற்கிறார்கள். உங்கள் மச்சான் சொல்வது நீர்க்காத கெட்டி எண்ணெய். அதில் பெரும்பாலும் 60 விழுக்காட்டுக்கு மேல் டி.எச்.சி. இருக்கும்.

இதைப் பிரபலமாக்கியவர் ரிக் சிம்சன் என்கிற கனடாக்காரர். அதனால்தான் ஆர்.எஸ்.ஓ., அதாவது ரிக் சிம்சன் ஆயில் என்கிறார்கள். 2003-இல் தன் தோலில் வந்த புற்றுநோய்ப் புள்ளிகளில் இந்த எண்ணெயைத் தடவி, கட்டுப்போட்டு, சில நாளில் ஆறிவிட்டது என்று சொன்னார். அந்த 60 கிராம், 90 நாள், அரை அரிசி கணக்கெல்லாம் அவர் வகுத்தது. அவருக்கு வந்ததாகச் சொன்னது பேசல் செல் என்கிற தோல் புற்றுநோய் வகை. தோலோடு நின்றுவிடும், பரவுவது மிக அபூர்வம். எலும்புக்குப் போய்விட்ட மார்பகப் புற்றுநோய்க்கும் அதற்கும் பேரில் மட்டும்தான் ஒற்றுமை. தவிர, அந்த 60 கிராம் கணக்கு எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் வந்ததில்லை. ஒரு மனிதர் தன் அனுபவத்தை வைத்துச் சொன்னது, வாட்சாப் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, அந்த அரிசிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு அரிசி மணி ஏறக்குறைய 20 மில்லிகிராம். அரை அரிசி அளவு எண்ணெய் 10 மில்லிகிராம். அதில் 70 விழுக்காடு டி.எச்.சி. என்று வைத்தால் 7 மில்லிகிராம். அதை மூன்று வேளை கொடுக்கச் சொல்கிறார்கள், ஆக முதல் நாளே 21 மில்லிகிராம். இதற்கு முன் தொட்டே பார்க்காத, வயதான ஒருவருக்கு டாக்டர்கள் இதைக் கொடுத்தால் 2.5 மில்லிகிராமில், சில சமயம் அதற்கும் கீழே, ஆரம்பிப்பார்கள். அப்புறம் நாலு நாளைக்கு ஒரு தடவை இரட்டிப்பாக்கி, ஒரு நாளைக்கு ஒரு கிராம் வரை போகச் சொல்கிறது அந்தக் கணக்கு. ஒரு கிராம் என்றால் 700 மில்லிகிராம் டி.எச்.சி.

இதை எதனோடு ஒப்பிடுவது? சாட்டிவெக்ஸ் என்று ஒரு மருந்து இருக்கிறது. வாயில் அடிக்கும் ஸ்பிரே. அதுவும் கஞ்சாச் செடியின் சாற்றிலிருந்து எடுத்ததுதான். ஃபுல் ஸ்பெக்ட்ரம் எண்ணெயை ஒழுங்காகச் செய்து, ஒவ்வொரு அடிக்கும் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி., 2.5 மில்லிகிராம் சி.பி.டி. என்று நிறுத்தி வைத்த வடிவம் என்று சொல்லலாம். நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் வரும் தசை இறுக்கத்துக்கு பிரிட்டன் 2010-இல் அனுமதித்தது. ஒரு நாளைக்கு 12 அடிக்கு மேல் போகக்கூடாது என்று விதி. அதாவது அதிகபட்சமே 32 மில்லிகிராம் சொச்சம். மச்சான் சொல்கிற அளவு அதைப்போல இருபது மடங்குக்கும் மேல். இந்த ஒரு கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

நான் போட்ட 70 விழுக்காடு கூட ஊகம்தான். அந்தக் குழலில் 30 இருக்கலாம், 85 இருக்கலாம். 2017-இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்டிருந்த அளவு சரியாக இருந்தது 26-இல் மட்டும். 18-இல் டி.எச்.சி.யும் இருந்தது. லேபிள் ஒட்டி, கம்பெனி பேர் போட்டு விற்றதன் நிலைமையே இது. பெயரில்லாத ஊசிக்குழலைப் பற்றி என்ன சொல்ல.

இன்னொரு விஷயம், வாயால் சாப்பிடும்போது டி.எச்.சி. உடனே வேலை காட்டாது. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும். ஈரல் அதை 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்று மாற்றும், அது மூளைக்குள் இன்னும் சுலபமாகப் போகும். 'ஒன்னும் தெரியலையே' என்று ஒரு மணி நேரத்தில் இன்னொரு அரிசி கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், பயம் வரும், சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும். ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், சில பேருக்கு மறுநாள் வரைகூட இழுக்கும். மார்ஃபின் மாதிரி மூச்சை நிறுத்துவதில்லை, அது உண்மை. மூளையில் மூச்சை நடத்தும் பகுதியில் இதற்கான ஏற்பிகள் குறைவு. ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் நான் பயப்படுவது மூச்சுக்கு இல்லை, விழுவதற்கு. டி.எச்.சி. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறக்கும். ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். நள்ளிரவில் கழிவறைக்கு எழுந்து தலைசுற்றி விழுந்தால், நோய் அரித்த இடுப்பு எலும்பு முறியும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் தலை அடிபட விழுந்தால் அது இன்னொரு ஆபத்து.

வார்ஃபரின் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் ஈரலில் வார்ஃபரினை உடைக்கும் நொதிகளைத் தடுக்கும். வார்ஃபரின் உடம்பில் தேங்கும், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் ஏறும், பல் ஈறிலிருந்து மூளை வரை எங்கு வேண்டுமானாலும் இரத்தம் கசியலாம். டாக்டருக்குத் தெரியாமல் இந்த எண்ணெய் உள்ளே போனால், அவர் ஐ.என்.ஆர். ஏன் ஏறுகிறது என்று புரியாமல் வார்ஃபரினைக் குறைப்பார். எண்ணெய் தீர்ந்ததும் அது தலைகீழாகும், வால்வில் இரத்தக்கட்டி வரலாம். சில கீமோ மருந்துகளும் அதே நொதிகள் வழியாகத்தான் போகின்றன. உங்கள் கேள்வியில் வேறு எதுவும் இல்லாமல் இந்த வார்ஃபரின் மட்டும் இருந்திருந்தால்கூட வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

செடியில் இருக்கும் நல்லது மட்டும் கெட்டியாவதில்லை என்பதையும் யோசியுங்கள். கஞ்சாச் செடி மண்ணிலுள்ள காட்மியம், ஈயம் போன்றவற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். பூச்சிமருந்து அடித்திருந்தால் அதுவும் எண்ணெயில் சேரும். சிம்சன் சொன்ன கரைப்பான்களில் ஒன்று நாஃப்தா, பெட்ரோலிய வகை. அப்படி எடுத்த எண்ணெயில் கரைப்பான் எச்சம் தங்குவதை 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும் ஒருவருக்கு யார் வீட்டு அடுப்பில் காய்ச்சியதோ தெரியாததைக் கொடுப்பதா?

இனி, வேலை செய்யுமா என்ற கேள்வி. இதில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாந்தி, பசி, வலி ஒரு பக்கம். புற்றுநோயைக் கொல்வது இன்னொரு பக்கம். எண்ணெய் விற்பவர்கள் முதலாவதின் ஆதாரத்தைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

வாந்திக்கு ஆதாரம் உண்டு. டி.எச்.சி.யைச் செயற்கையாகச் செய்த ட்ரோனாபினால் மாத்திரையை 1985-லேயே அமெரிக்கா கீமோ வாந்திக்கு அனுமதித்தது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வழக்கமான வாந்தி மருந்து வேலை செய்யாத நோயாளிகளுக்கு 2.5 மில்லிகிராம் டி.எச்.சி., 2.5 மில்லிகிராம் சி.பி.டி. கொண்ட மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். முழுதாக வாந்தி நின்றவர்கள் 14 விழுக்காட்டிலிருந்து 25 ஆனார்கள். பலன்தான், ஆனால் நூறில் கூடுதலாகப் பதினோரு பேருக்கு. மயக்கமும் தலைசுற்றலும் கூடவே வந்தன. அளவைக் கவனியுங்கள்: மில்லிகிராம் கணக்கு.

வலி விஷயம் கலவையாக இருக்கிறது. 2010-இல் 177 புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் சேர்ந்த சாறு வலியைக் குறைத்தது, டி.எச்.சி. மட்டும் இருந்த சாறு, சத்தே இல்லாத பொய் மருந்தைவிடப் பெரிதாகச் செய்யவில்லை. முழுச் செடிதான் நல்லது, சத்துகள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் என்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். எனக்கும் அந்த எண்ணத்தில் ஏதோ இருக்கிறது என்றே படுகிறது. ஆனால் பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அதே சாட்டிவெக்ஸ் புற்றுநோய் வலியில் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. வெறும் சி.பி.டி. எண்ணெயை முற்றிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், அது பொய் மருந்தைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

புற்றுநோயைக் கொல்லுமா என்றால், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கும் செல்களையும் எலியின் கட்டிகளையும் கன்னாபினாய்டுகள் சுருக்கியது உண்மைதான். மனிதர்களில், மூளைக் கட்டியில் ஒரு சின்ன ஆய்வு, 21 பேர், கீமோவோடு சேர்த்து சாட்டிவெக்ஸ். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்ற பக்கம் 83 விழுக்காடு, பெறாத பக்கம் 44. நம்பிக்கை தரும் எண்தான், பெரிய ஆய்வு செய்யக் காரணமானதும் அதுதான். ஆனால் 21 பேரை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை, அதுவும் மூளைக் கட்டியில். மார்பகப் புற்றுநோய்க்கு அந்த அளவு ஆதாரம்கூட மனிதர்களில் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆய்வுக்கு வெளியே கஞ்சாவைப் புற்றுநோய்க்கே மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதியது. வாந்திக்கு, மற்ற மருந்து கேட்காதபோது பார்க்கலாம் என்றும் அதே வழிகாட்டிதான் சொல்கிறது.

'நம் சித்த வைத்தியத்திலேயே இருக்கிறதே' என்று யாராவது பெரியவர் கட்டாயம் சொல்வார். இருக்கிறது. ஆனால் அங்கே இலையைச் சுத்தி செய்து, மற்றச் சரக்குகளோடு லேகியமாக்கி, கொட்டைப்பாக்கு அளவு, சுண்டைக்காய் அளவு என்று கொடுப்பார்கள். அந்த லேகியத்தையும் இந்தத் தாரையும் ஒரே மருந்தாகப் பேசினால் வைத்தியரே ஒத்துக்கொள்ளமாட்டார்.

சட்டம். மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தில் கஞ்சாவும் அதன் பிசினும் வரும். மருந்துக்காக வைத்திருந்தேன் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. 50 கிராமுக்கு மேல் கையில் இருந்தால் பிரிவு 39ஏ(2): ஆயுள் சிறை, அல்லது 5 ஆண்டுக்குக் குறையாத சிறை, கூடவே 10-க்குக் குறையாத ரோத்தான் அடி (பிரம்படி). மச்சானின் 60 கிராம் எந்தப் பக்கம் விழுகிறது பாருங்கள். 200 கிராம் என்றால் கடத்தல் என்றே அனுமானிப்பார்கள். 2023-இல் கட்டாய மரணதண்டனை நீங்கிவிட்டது, மரணதண்டனை நீங்கவில்லை. நீதிபதி அதை விதிக்கலாம், இல்லாவிட்டால் ஆயுள் சிறையும் ரோத்தானும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: சட்டத்தில் கடத்தல் என்ற சொல்லுக்குள் விற்பது மட்டும் இல்லை, நாட்டுக்குள் கொண்டுவருவதும் கொடுப்பதும் அடக்கம். 2018 ஆகஸ்டில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்துவந்த ஓர் இளைஞருக்கு மரணதண்டனை விதித்தது. நாடே பேசியது, அப்போதைய பிரதமர் மகாதீரே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். எண்ணெயை அம்மாவுக்காக வாங்கினேன் என்ற கண்ணீர் தாய்லாந்து எல்லையில், புக்கிட் காயு ஹீத்தாம் சுங்கச் சாவடியில் எடுபடாது.

தாய்லாந்தில் எல்லாம் சட்டப்படி என்பதும் அரைகுறைச் செய்தி. 2022 ஜூனில் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தபோதே, 0.2 விழுக்காட்டுக்கு மேல் டி.எச்.சி. உள்ள சாறு பட்டியலிலேயே இருந்தது. ஹாட்யாயில் கடைத்தெருவில் கிடைக்கும் அந்தத் தார் அங்கேயே சட்டப்படியானதாக இருக்க வாய்ப்பில்லை. 2025-இல் பூவுக்கும் மருந்துச் சீட்டு வேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள்.

மலேசியாவில் முறையான வழி இல்லவே இல்லையா? ஏட்டில் இருக்கிறது. 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் விளக்கினார்: மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவான பொருளாக இருக்க வேண்டும், இறக்குமதி செய்பவருக்கு உரிமம் வேண்டும், பதிவு பெற்ற டாக்டர் தன் நோயாளிக்கு, அல்லது மருந்துச் சீட்டின் பேரில் மருந்தாளுநர் கொடுக்கலாம். ஊசிக்குழல் எண்ணெய் இதில் எந்தப் படியையும் தாண்டாது.

அப்படியென்றால் அம்மா வாந்தியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். கீமோ நாளில் கொடுக்கும் மாத்திரை போதவில்லை என்று டாக்டரிடம் சொன்னீர்களா? நம் ஆட்கள் சொல்லமாட்டார்கள். 'எப்படிம்மா இருக்கு' என்றால் 'பரவாயில்ல டாக்டர்' என்பார்கள், வெளியே வந்து காரில் அழுவார்கள். ஒண்டான்செட்ரான் போதாவிட்டால் டெக்சாமெத்தசோன் சேர்க்கலாம், குறைந்த அளவில் ஒலன்சபீன் சேர்க்கலாம். கீமோ வாந்திக்கு அது நன்றாக வேலை செய்யும், பசியையும் தூண்டும். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை 8 கிரே அளவில் கொடுக்கும் கதிர்வீச்சு பலருக்குப் பெரிய ஆறுதல் தருகிறது. எலும்பைப் பலப்படுத்தும் சோலெட்ரோனிக் அமில ஊசி உண்டு. வலிக்கு மார்ஃபின் திரவம் உண்டு, அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே. 'மார்ஃபின் கொடுத்தா முடிஞ்சது' என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது தப்பு. அளந்து கொடுக்கும் மார்ஃபினுக்குப் பயந்துகொண்டு அளவே தெரியாத கறுப்பு எண்ணெயை நம்புவது எனக்கு விளங்கவே இல்லை.

அடுத்த தடவை போகும்போது மூன்று நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை தடவை வாந்தி, என்ன சாப்பிட்டார், வலி எத்தனை மணிக்கு. நோயாளியின் வேதனையைத் தணிக்கும் 'பாலியேடிவ்' குழுவிடம் அனுப்ப முடியுமா என்று நேராகக் கேளுங்கள். சாகப் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கீமோ நடக்கும்போதே அவர்கள் வாந்தியையும் வலியையும் பார்ப்பார்கள்.

ஒருவேளை எண்ணெய் ஏற்கெனவே கொஞ்சம் உள்ளே போயிருந்தால், திட்டு விழும் என்று மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், ஐ.என்.ஆர். உடனே பார்க்கச் சொல்லுங்கள். அதிகமாகிப் படபடப்பு வந்தால் படுக்கவைத்து, விளக்கைக் குறைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருங்கள், தனியாக எழ விடாதீர்கள். நெஞ்சு வலி, மயக்கம், குழப்பம், விழுதல், இரத்தக் கசிவு எது வந்தாலும் 999. என்ன சாப்பிட்டார் என்பதை ஆம்புலன்ஸ்காரரிடமே சொல்லிவிடுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக அந்த ஷாப்பி எண்ணெய். ஹெம்ப் விதை எண்ணெய் விதையை ஆட்டி எடுப்பது. விதையில் டி.எச்.சி.யும் இல்லை, சி.பி.டி.யும் இல்லை என்றே சொல்லலாம். நல்ல கொழுப்பு இருக்கிறது, அவ்வளவுதான். வாந்திக்கோ வலிக்கோ அது ஒன்றும் செய்யாது. போத்தலில் கஞ்சா இலைப் படம் போட்டு விலையை ஏற்றியிருப்பார்கள். அந்தக் காசுக்கு அம்மாவுக்கு இஞ்சியும், ஆறவைத்த கஞ்சிக்கு நல்ல அரிசியும், ஈப்போ போய்வர காருக்கு மினியாக்கும் (பெட்ரோலும்) வாங்கிவிடலாம்.